வார்டில் பாடம் சொல்லித்தர பி.ஜி.க்களைத் தயார் செய்வது எப்படி: ஒரு யூனிட்டுக்கான முழு வழிகாட்டி

காலை ஒன்பது மணி. மெடிசின் வார்டு வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட 25 பேர் நிற்கிறார்கள். ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) ஓ.பி.யில் மாட்டிக்கொண்டிருக்கிறார், யூனிட் தலைவரான சீஃப், டீன் ஆபீஸ் மீட்டிங்கில். ராத்திரி முழுக்க அட்மிஷன் பார்த்த ஒரு பி.ஜி. (முதுநிலை மாணவர்) கையில் ரத்த சாம்பிளோடு வெளியே வருகிறார். "மேடம், கிளாஸ்?" என்று யாரோ கேட்க, "ஆறாம் பெட்ல லிவர் கேஸ் இருக்கு, ஹிஸ்டரி எடுத்து வைங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு லேப் பக்கம் போகிறார். அவர் வருவதில்லை. பதினொன்றரைக்கு எல்லோரும் கேன்டீனில் இருப்பார்கள். ஆறாம் பெட் பெரியவரின் வயிற்றை 25 பேர் அமுக்கிப் பார்த்ததுதான் மிச்சம்.

இதில் அந்த பி.ஜி.யைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் சொல்லித்தருவதில் பி.ஜி.க்கள் பங்கெடுக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்ததல்ல, 2000-ம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறையிலேயே இருந்தது. 2019-ல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தபிறகு வேலை இன்னும் கூடியது. மாணவர் சும்மா சுற்றி நிற்கக்கூடாது, யூனிட்டில் ஒருவராகச் சேர்ந்து, தனக்குக் கொடுத்த நோயாளியை அட்மிஷனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது அது. சரி, அப்படிப் பார்க்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? பி.ஜி.தான். ஆனால் எப்படிச் சொல்லித்தருவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. தனக்கு வாய்த்த சீனியர் எப்படி நடந்துகொண்டாரோ, அப்படியே இவரும் நடந்துகொள்கிறார்.

நான் பொது மருத்துவத்தில் இருப்பவள், அதனால் உதாரணமெல்லாம் அங்கிருந்துதான் வரும். சர்ஜரி, குழந்தை மருத்துவம், ஓ.ஜி. (மகப்பேறு) யூனிட்டில் இருப்பவர்கள் கேஸை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பி.ஜி.யை இன்னொரு லெக்சரர் ஆக்க முயற்சி செய்யாதீர்கள். லெக்சருக்கு ஆள் இருக்கிறது, யூடியூபும் இருக்கிறது. பி.ஜி.யிடம் நமக்கு வேண்டியது மூன்றே காரியம்: சரியான இடத்தில் ஒரு கேள்வி கேட்பது, மாணவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, பார்த்ததை முகத்துக்கு நேரே நயமாகச் சொல்வது. பயிற்சி முழுக்க இந்த மூன்றுக்குத்தான்.

படி 1: சீஃப்பிடம் நேரம் வாங்குங்கள்

இது முடியாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 20 நிமிடம், அந்த பி.ஜி.யின் போனை இன்னொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். வார்டில் யாராவது மோசமானால் அந்த இன்னொருவர் ஓடுவார். அட்மிஷன் நாளும் அதற்கு மறுநாளும் வேண்டவே வேண்டாம், தூங்காத ஆளிடம் பொறுமையை எதிர்பார்க்கக்கூடாது. சீஃப் இதை ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு தடவை சொன்னால் போதும், சர்க்குலர் எதுவும் தேவையில்லை. சொல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே "அந்த ஸ்கேனுக்கு யார் போவது" என்ற சண்டையில் எல்லாம் கரைந்துவிடும்.

பயிற்சியை எப்போது வைப்பது? கவுன்சலிங் தள்ளிப்போய் புது பேட்ச் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மாதத்தில் வருவதால், காலண்டரைப் பார்த்து வைத்தால் சரிவராது. சேர்ந்த முதல் மாதம் அவர்களுக்கு வார்டின் வழி பிடிபடவே போதாது. இரண்டாம் மாதம் வையுங்கள். மாவட்ட ரெசிடென்சிக்காக (பி.ஜி. படிப்பின் நடுவே வெளி மருத்துவமனையில் செய்யும் பணி) மூன்று மாதம் வெளியே போய்வருபவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நன்றாகச் சொல்லித்தரும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தாலுகா மருத்துவமனையில் இருப்பார்கள்.

படி 2: என்ன சொல்லித்தருவது என்பதை அவர்கள் வேலையிலிருந்தே எடுங்கள்

"எந்த டாபிக் எடுக்கறீங்க?" என்று கேட்காதீர்கள். கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாக 60 ஸ்லைடு தயாராகிவிடும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை நீங்கள் கையால் செய்த வேலையை எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்றச் சிரையில் செருகும் மெல்லிய குழாய்) போட்டது, பி.பி. பார்த்தது, மூச்சுத்திணறலோடு வந்தவரை முதல் ஐந்து நிமிடம் கவனித்தது, இ.சி.ஜி. எடுத்தது, வீட்டாரிடம் நிலைமையைச் சொன்னது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியது, இன்சுலின் டோஸ் மாற்றியது என்று பக்கம் நிறையும். அதுதான் பாடத்திட்டம். ஒவ்வொரு பி.ஜி.யும் அதிலிருந்து மூன்றை எடுத்துக்கொள்ளட்டும், அந்தப் போஸ்டிங் முழுக்க அவருக்கு அந்த மூன்றுதான்.

பி.ஜி.க்கு இருக்கும் பெரிய பலம், அவர் இதையெல்லாம் நேற்றுதான் கற்றுக்கொண்டார் என்பது. எங்கே தடுக்கும் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும், எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது மறந்துவிடுகிறது. ஒரு உதாரணம்: மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கும்போது மாணவர்கள் நேராக இடது விலா எலும்புக்குக் கீழே கையை வைப்பார்கள். பெரிய மண்ணீரலாக இருந்தால் கை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், விளிம்பே தட்டுப்படாது. "ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி மூச்சுக்கு மூச்சு மேலே வரவேண்டும். நான் அதைப் புத்தக வரியாகச் சொல்வேன். போன வருஷம் ஒரு முதலாமாண்டு பி.ஜி., "நான் ஃபைனல் எக்ஸாம்ல இதுலதான் கோட்டை விட்டேன், கைய எடு, கீழ இருந்து வா" என்றார். மாணவர்களுக்கு எது மனதில் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 3: ஒன்றரை மணி நேரப் பயிற்சி

ஒரே அமர்வு. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், புரொஜெக்டரை ஆன் பண்ண வேண்டாம். இதில் மூன்று பகுதி உண்டு, முதல் பகுதிக்கே பாதி நேரம் போகட்டும்.

முதலாவது, கேள்வி கேட்பது. 1992-ல் சியாட்டிலைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் ஜான் நெஹரும் உடன் பணியாற்றியவர்களும் ஐந்து படி முறை ஒன்றை எழுதினார்கள், மருத்துவக் கல்வி வட்டாரத்தில் 'ஒன் மினிட் பிரிசெப்டர்' என்று பெயர். பெயரைப் பார்த்து ஒரே நிமிடத்தில் முடியும் என்று நம்பவேண்டாம், ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் பி.ஜி. வார்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. விளக்கம் சொல்லி ஓட்டாமல் நடித்துக் காட்டுங்கள். நாங்கள் நடிப்பது இந்தக் கேஸ் (செல்லுலைட்டிஸ் என்பது தோலிலும் அதன் அடியிலும் பரவும் கிருமித் தொற்று, டி.வி.டி. என்பது காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைவது):

மாணவர்: "52 வயசு, சுகர் பேஷன்ட் மேடம். ரெண்டு நாளா காய்ச்சல், இடது கால் வீங்கி செவந்திருக்கு."

பி.ஜி.: "சரி. என்னன்னு நினைக்கிற?"

மாணவர்: "செல்லுலைட்டிஸ்... இல்ல, டி.வி.டி.யா கூட இருக்கலாம்."

பி.ஜி.: "ரெண்டுல ஒண்ணு சொல்லு. தப்பானா பரவாயில்ல."

மாணவர்: "செல்லுலைட்டிஸ்."

பி.ஜி.: "எதை வெச்சு சொல்ற?"

மாணவர்: "காய்ச்சல் இருக்கு, தொட்டா சூடா இருக்கு. விரல் இடுக்குல புண்ணு இருக்கு மேடம், பிரிச்சுப் பார்த்தேன்."

பி.ஜி.: "விரல் இடுக்கைப் பிரிச்சுப் பார்த்த பாரு, அது நல்ல வேலை, நெறைய பேர் பார்க்க மாட்டாங்க. ஒண்ணு விட்டுட்ட. அடுத்த காலை நீ பார்க்கவே இல்ல. கெண்டைக்கால் சுற்றளவை ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அள, மூணு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா டி.வி.டி.ய அவ்வளவு சுலபமா விட்டுடாத. சுகர் பேஷன்ட், அதனால பாதத்துல பல்ஸும் பாரு. இப்ப பேனாவை எடு, செவப்பு எங்க முடியுதோ அங்க கோடு போடு, நேரம் எழுது. சாயந்திரம் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தாலோ, பார்க்கிறதுக்கு இருக்கிறதைவிட வலி ரொம்ப அதிகம்னு அவர் சொன்னாலோ என்னைக் கூப்பிடு, ராத்திரியானாலும் சரி."

அவ்வளவுதான். ஒரு முடிவைச் சொல்ல வைத்தார், காரணம் கேட்டார், சரியாகச் செய்ததைச் சொன்னார், விட்டதைச் சொன்னார், எந்தக் காலுக்கும் பொருந்தும் ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். வரிசை முன்பின்னானால் குடிமுழுகிப் போகாது. கஷ்டமான இடம் எது தெரியுமா? "என்னன்னு நினைக்கிற?" என்று கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்று நொடி அமைதியாக இருந்தாலே பி.ஜி.க்கு உதறும், பதிலைத் தானே சொல்லிவிடுவார். அதனால் நடிப்பில் மாணவராக வருபவரிடம் ரகசியமாகச் சொல்லிவையுங்கள்: பத்து நொடி பேசாமல் முழிக்க வேண்டும். பி.ஜி. தாக்குப்பிடிக்கிறாரா பாருங்கள். எங்கள் யூனிட்டில் முதல் சுற்றில் ஆறு பேரில் ஐந்து பேர் தாங்கவில்லை. இரண்டு பேர் இரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஆளுக்கு இரண்டு கேஸ் நடிக்க விடுங்கள்.

இரண்டாவது, கைவேலை சொல்லித்தருவது. இதற்கு ரோட்னி பெய்ட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1998-ல் எழுதிய நான்கு படி இருக்கிறது: முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்துகாட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய், மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல நீ செய், கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. வென்ஃப்ளான் போடுவதை மாணவர் வாயால் சொல்லட்டும்: "டூர்னிக்கே கட்டுங்க, வெயினைத் தேடுங்க, ஸ்பிரிட் தடவி காய விடுங்க, குத்துங்க, ரத்தம் பின்னால வந்ததும் கேனுலாவை மட்டும் உள்ள தள்ளுங்க, ஊசியை எடுங்க." நிறுத்துங்கள். டூர்னிக்கே இன்னும் கையில் இறுக்கமாகவே இருக்கிறது. இப்போது ஊசியை உருவினால் படுக்கை விரிப்பு முழுக்க ரத்தம். டம்மி கையில் அந்தத் தவறு வெளியே வந்தால் நோயாளி கையில் வராது. சொல்வதில் ஓட்டை இருக்கும் மாணவரிடம் ஊசியைக் கொடுக்கக்கூடாது என்பதை பி.ஜி.க்கு விதியாகவே சொல்லிவிடுங்கள். பயன்படுத்திய ஊசியை மூடியில் திரும்பச் செருகாமல் நேராக ஊசிப் பெட்டியில் போடுவது வரை அந்தப் பாடம் முடியாது.

மூன்றாவது, கருத்துச் சொல்வது. "நல்லா இருந்துச்சு", "இம்ப்ரூவ் பண்ணணும்" இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. கண்ணால் பார்த்த ஒரு செயலைச் சொல்ல வேண்டும்: "பி.பி. பார்க்கும்போது முதலில் பல்ஸைப் பிடித்துப் பார்க்காமல் நேராக ஸ்டெத் வைத்தாய், இவருக்கு சத்தம் நடுவில் கொஞ்ச தூரம் மறைந்து திரும்ப வந்திருந்தால் மேல் அளவைக் குறைத்துச் சொல்லியிருப்பாய்." இப்படி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம், மிஞ்சிப்போனால் இரண்டு. பெரிய தவறு என்றால் நோயாளி முன்னால் பேசவே வேண்டாம், காரிடாருக்கு வரச்சொல்லுங்கள். நான் இறுதியாண்டு படித்தபோது ஒரு பி.ஜி. என் கேஸ் ஷீட்டைக் கட்டில் மேல் வீசினார். அதில் என்ன தப்பு இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது வந்து விழுந்த சத்தமும், பக்கத்துக் கட்டில் பாட்டி "போகட்டும் விடு தாயி" என்றதும்தான் ஞாபகம் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஒவ்வொரு பி.ஜி.யும் தனக்கு நடந்த இப்படி ஒன்றைச் சொல்லட்டும், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

படி 4: நோயாளியைப் பற்றிய கட்டுப்பாடு

இதை பி.ஜி.யின் பொறுப்பாகவே கொடுங்கள். காலையில் ரவுண்ட்ஸ் முடிந்ததும் எந்த நோயாளி, எத்தனை பேர் என்று அவர் முடிவு செய்யட்டும். ஒரு நோயாளிக்கு ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் இரண்டு குழுவுக்கு மேல் வேண்டாம். இந்த எண்ணிக்கை எங்கள் யூனிட்டில் நாங்களே வைத்துக்கொண்டது, உங்கள் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றலாம். கேட்பது எப்படி என்பதையும் பழக்குங்கள்: "ஐயா, இவங்க படிக்கிற பிள்ளைங்க, உங்க வயித்தைத் தொட்டுப் பார்த்துக் கத்துக்கணும், பத்து நிமிஷம், பரவாயில்லையா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுவோம், வேண்டாம்னாலும் சரிதான், வைத்தியத்துல ஒண்ணும் குறையாது." கடைசி வாக்கியத்தை விடக்கூடாது. அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு, மாட்டேன் என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் எப்போதும் உண்டு. திரை இழுப்பது, பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண் இருப்பது, கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொடுவது எல்லாம் மாணவர் பி.ஜி.யைப் பார்த்துத்தான் பழகுகிறார், வகுப்பில் கேட்டு இல்லை.

வெளிமாநிலத்திலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் பி.ஜி.க்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் அவர்களைப் பாடம் எடுப்பதிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. ஹிஸ்டரியை மாணவர் தமிழில் கேட்டு அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும். "நெஞ்சு கரிக்குது", "மேல்மூச்சு வாங்குது", "கிறுகிறுன்னு வருது" என்பதையெல்லாம் எப்படி மொழிபெயர்ப்பது என்று மாணவர் யோசிக்கும்போதே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது. கிறுகிறுப்பு தலைச்சுற்றலா, மயக்கம் வருவதா, தள்ளாட்டமா? பி.ஜி. இதைத் திருப்பிக் கேட்க, மாணவர் நோயாளியிடம் திரும்பப் போக, நல்ல ஹிஸ்டரி என்பதே அதுதான். அந்த பி.ஜி.யும் மூன்று மாதத்தில் தமிழ் பேசிவிடுவார்.

படி 5: போஸ்டிங் முதல் நாள், பத்து நிமிடம்

சின்ன விஷயம், ஆனால் செய்துவிடுங்கள். பி.ஜி. தன் பெயரைச் சொல்லி, மாணவர்கள் பெயரைக் கேட்டு, யாருக்கு எந்தக் கட்டில் என்று ஒதுக்கி, எத்தனை மணிக்கு எங்கே கூடுவது, லாக் புக்கில் எப்போது கையெழுத்து போடுவார் என்று சொல்ல வேண்டும். கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்து போடுவதை நிறுத்துங்கள். செய்ததைப் பார்த்த அன்றே போட வேண்டும்.

படி 6: நேரத்துக்குத் தகுந்த அளவு

20 நிமிடம் கிடைத்தால் ஒரு கேஸ் முழுக்க. ஐந்து நிமிடம் என்றால் அந்தக் கால் கேஸ் மாதிரி ஒன்று. ஒரே நிமிடம்தான் இருக்கிறது என்றால், செய்துகொண்டிருக்கும் வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழக்குங்கள்: "பொட்டாசியம் 6.8 வந்திருக்கு, அதனால முதல்ல இ.சி.ஜி. பார்க்கறேன், டி வேவ் கூரா நிக்குதான்னு." தனியாக எதுவும் செய்யவேண்டாம், மனதுக்குள் ஓடுவது வெளியே கேட்டால் போதும். கழுத்துச் சிரைத் துடிப்பு பார்க்க 45 டிகிரி சாய்க்க முடியாத கட்டில்தான் நம் வார்டுகளில் பாதி. தலையணையும் மடித்த போர்வையும் முதுகுக்குப் பின்னால் வைத்து அந்த பி.ஜி. ஒப்பேற்றுவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

ராத்திரி டூட்டியில் தானாக வந்து நிற்கும் மாணவர்களைத் துரத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: பி.ஜி. சொல்லித்தருவதைப் போய்ப் பாருங்கள்

பயிற்சி கொடுத்துவிட்டு யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அதனால்தான் எல்லாம் ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஏ.பி. ஒருவர், ஒவ்வொரு பி.ஜி.யையும் முதல் மாதத்தில் ஒரு தடவை, மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை, 15 நிமிடம் கட்டில் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். நடுவில் பேசக்கூடாது. இது ரொம்பக் கஷ்டம், நானே மூன்று தடவை வாயைத் திறந்து கெடுத்திருக்கிறேன். முடிந்தபிறகு தனியாக, அவர் மாணவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பழகினாரோ அதே மாதிரி அவரிடம் சொல்லுங்கள்: பார்த்த ஒரு நல்ல செயல், பார்த்த ஒரு தவறு.

மாணவர்களிடம் நீளமான படிவம் கொடுக்க வேண்டாம். பெயர் எழுதாத துண்டுத் தாளில் மூன்று கேள்வி போதும். நீ நோயாளியைப் பரிசோதித்ததை இவர் நின்று பார்த்தாரா? நீ செய்தது எது சரி, எது தப்பு என்று சொன்னாரா? உன்னை நோயாளி முன்னால் அவமானப்படுத்தினாரா? மூன்றாவதற்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆமாம் என்றால் அன்றைக்கே அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் தூக்கமில்லாத வாரமாக இருக்கும். டூட்டி பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டில் ஓரம் நிற்கும்போது என்ன குறித்துக்கொள்வது என்று ஏ.பி.க்கள் கேட்பார்கள். நான் கைக்கடிகாரத்தை மட்டும் பார்ப்பேன். 15 நிமிடத்தில் பி.ஜி. எத்தனை நிமிடம் பேசினார், மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள், யார் கை நோயாளி மேல் இருந்தது. பி.ஜி. பேசியது பத்து நிமிடத்தைத் தாண்டினால் அவரை அடுத்த பேட்ச் புது பி.ஜி.க்களோடு படி 3-க்குத் திரும்ப அனுப்புகிறேன், இந்தத் தடவை பத்து நொடி முழிக்கும் மாணவராக நடிக்க.